மூன்று வருடம் ஓட்டியவன் சிசர் லிஃப்ட் தேர்வில் தோற்ற கதை

மூன்று வருடமாக சிசர் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். கத்தரி மாதிரி மடிந்து விரிகிற கைகள் ஆள் நிற்கும் தளத்தை நேராக மேலே தூக்குகிற இயந்திரம் அது. கிடங்குகளில் கூரையடியில் விளக்கு மாட்டுவது, கேபிள் ட்ரே, அதாவது கேபிள்களைத் தாங்கும் நீளத் தட்டு, போடுவது, இதுதான் வேலை. ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் போகும், இழுத்தால் வரும், ஒரு பட்டனை மாற்றினால் அதே ஜாய்ஸ்டிக்கில் ஏறும், இறங்கும். இதில் படிக்க என்ன இருக்கிறது? முதல் நாள் ஒருவர் ஐந்து நிமிடம் காட்டிக்கொடுத்தார், அந்த ஐந்து நிமிடத்தை வைத்தே மூன்று வருடத்தை ஓட்டியாயிற்று. புது சைட்டில் பயிற்சி முடித்துத் தேறியதற்கான கார்டு இல்லாதவன் இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால்தான் பயிற்சிக்கே போனேன். போய், செய்முறைத் தேர்வில் தோற்றேன். தோற்ற இடம் நான் நினைத்த இடம் இல்லை என்பதால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கார்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் ஏற்றுக்கொள்ளப்படும் கார்டு, ஆளை உயரத்துக்குத் தூக்கும் இயந்திரங்களுக்கான ஐபாஃப் (IPAF) என்ற சர்வதேச அமைப்பினுடையது. 1983இல் தொடங்கிய அமைப்பு. கார்டின் பெயர் பால் கார்டு, பாலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. செங்குத்தாக ஏறுகிற சிசர் 3ஏ பிரிவு, கையை நீட்டி மடக்குகிற பூம் 3பி பிரிவு. ஒன்றுக்கு வாங்கிய கார்டை வைத்துக்கொண்டு இன்னொன்றில் ஏற முடியாது. ஐந்து வருடம் செல்லும். காலையில் வகுப்பு, அப்புறம் எழுத்துத் தேர்வு, மதியம் செய்முறை, பொதுவாக ஒரே நாளில் முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை.

பயிற்சியாளர் வயதானவர், முழங்கால் வலிக்காரர், வகுப்பு முழுக்க உட்கார்ந்தபடியே நடத்தினார். முதலில் அவர் கேட்டது, "இயந்திரத்தில் ஒட்டியிருக்கிற தகட்டை யாராவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா?" ஆறு பேர் இருந்தோம், ஒரு கை கூட எழவில்லை.

பயிற்சிக்கு நின்றது தளம் 19 அடி உயரம் வரை ஏறுகிற இயந்திரம், கிடங்குகளில் அதிகம் பார்க்கிற சின்ன வகை. தகட்டில் 227 கிலோ என்று போட்டிருந்தது, கட்டடத்துக்கு உள்ளே என்றால் இரண்டு பேர், வெளியே என்றால் ஒருவர். இதாவது ஓரளவு தெரியும். அடுத்த வரிதான் எனக்குப் புதுசு. முன்னால் இழுத்து நீட்டுகிறோமே, அந்த எக்ஸ்டென்ஷன் பலகையில் 113 கிலோதான். நான் 78 கிலோ, என்னோடு வேலை செய்கிற பையன் எப்படியும் 65 இருப்பான். எங்கள் இருவருக்கும் எக்ஸ்டென்ஷன் நுனியில் போய் நின்றுகொண்டு ட்ரேயை ஆளுக்கொரு பக்கம் பிடிப்பது வழக்கம். கூட்டிப் பார்த்தேன், 143. ட்ரேயைச் சேர்க்காமலே.

அதே தகட்டில் பக்கவாட்டு விசை என்று இன்னொரு எண். உள்ளே 400 நியூட்டன், வெளியே 200. எங்களில் ஒருவருக்கும் நியூட்டன் புரியவில்லை. "பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், சுமாராக அத்தனை கிலோ இழுப்பு" என்றார். அதாவது மேலே நின்றுகொண்டு 40 கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் இழுத்தாலோ தள்ளினாலோ வரம்புக்கு வந்துவிடுகிறோம். தடித்த கேபிளை மேலே நின்றபடி தம் கட்டி இழுத்திருக்கிறேன், ஒரு காலைத் தடுப்புக் கம்பியில் ஊன்றிக்கொண்டு கூட இழுத்திருக்கிறேன். எடை கூடினால் கத்துவதற்கு சென்சார் இருக்கிறது. பக்கவாட்டில் இழுப்பதற்கு அதுவும் கத்தாது. இயந்திரம் லேசாக ஆடும், அவ்வளவுதான், அந்த ஆட்டத்துக்கு நாம் பழகியும் போயிருப்போம்.

சாய்வு பற்றிய பகுதியில்தான் நான் உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த வகை இயந்திரங்களில் பக்கவாட்டுச் சாய்வு வரம்பு 1.5 டிகிரி, முன்பின் 3 டிகிரி, தாண்டினால் அலாரம் அடித்து ஏறுவதை நிறுத்திவிடும். 1.5 டிகிரி என்றால் எவ்வளவு என்று அவர் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். கணக்கும் அப்படித்தான் வருகிறது. ஒரு மீட்டர் அகலத்துக்கு 2.6 சென்டிமீட்டர், இந்த இயந்திரத்தின் அகலமோ முக்கால் மீட்டர்தான், ஆக ஒரு பக்கச் சக்கரம் இரண்டு சென்டிமீட்டர் இறங்கினாலே போதும். ஆறு மீட்டர் உயரத்தில் அது பதினைந்து சென்டிமீட்டருக்கும் மேல் விலகலாகிவிடும். வடிகால் மூடி, சிமென்ட் பூசி இன்னும் இறுகாத இடம், தரையில் கிடக்கிற ஒரு பிளைவுட் துண்டு, எல்லாமே இரண்டு சென்டிமீட்டர் சமாச்சாரம்தான். அலாரம் அடித்தால் "சென்சார் சரியில்லை" என்று சொல்லி இரண்டடி நகர்த்திவிட்டு வேலையைத் தொடர்கிற ஆட்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

இன்னொரு பழைய கணக்கும் அன்றைக்குத் தீர்ந்தது. முன்பு ஒரு சைட்டில் இயந்திரம் மேலே ஏறிய பிறகு நகரவே மாட்டேன் என்று பீப் பீப் என்று கத்திக்கொண்டே நின்றது. அரை நாள் வேலை போனது. மெக்கானிக் வந்தார், குனிந்தார், அடியிலிருந்து ஒரு மரக்கட்டையைக் காலால் தள்ளினார், சரியாகிவிட்டது. அவரும் சொல்லவில்லை, நாங்களும் வெட்கத்தில் கேட்கவில்லை. சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், இரண்டு பக்கமும் நீளமாக ஒரு இரும்புப் பட்டை இருக்கிறது, தளம் உயர ஆரம்பித்ததும் அது கீழே இறங்கித் தரைக்கு ஓரிரு சென்டிமீட்டர் மேலே நிற்கும், சக்கரம் குழியில் இறங்கினால் அந்தப் பட்டை தரையில் ஊன்றி இயந்திரத்தைத் தாங்கும். அது முழுசாக இறங்காவிட்டால் நகரவும் விடாது. அன்று அந்தக் கட்டை பட்டைக்கு அடியில்தான் மாட்டியிருந்திருக்கிறது.

காற்றைப் பற்றி நீளமாகப் பேசினார், நான் சுருக்குகிறேன். வெளியில் ஓட்ட அனுமதி உள்ள இயந்திரங்களுக்குப் பொதுவாக வினாடிக்கு 12.5 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். குடையைப் பிடித்துக்கொண்டு நடப்பது கஷ்டமாகிற காற்று. உள்ளே மட்டும் என்று எழுதியிருக்கிற இயந்திரத்துக்கு அந்த எண் பூஜ்யம், கதவு திறந்த கிடங்கில் வீசுகிற காற்று கூட அதற்கு ஆகாது. 2010 அக்டோபரில் அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியைப் படம் பிடிக்க சிசர் லிஃப்டில் ஏறிய ஒரு மாணவர், மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேல் வீசிய காற்றில் லிஃப்ட் சாய்ந்து இறந்துபோனதைச் சொன்னார். தடுப்புக் கம்பியில் பேனரோ தார்ப்பாயோ கட்டினால் நீங்களே பாய்மரம் கட்டினது மாதிரி என்றும் சொன்னார்.

ஹார்னஸ், அதாவது உடம்பில் மாட்டுகிற பாதுகாப்புப் பட்டை, போட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார், எல்லா வகுப்பிலும் இந்தக் கேள்வி வருமாம். பூமில் கட்டாயம், ஏனென்றால் ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் கூடை கவண் மாதிரி ஆளைத் தூக்கி எறியும். சிசரில் தடுப்புக் கம்பிதான் முதல் பாதுகாப்பு, நுழைவுக் கம்பி மூடியிருக்க வேண்டும், இரண்டு காலும் பலகையில் இருக்க வேண்டும். கையேடோ சைட் விதியோ கேட்டால் ஹார்னஸும் போட வேண்டும், அதுவும் குட்டைக் கயிறாக, குறியிட்ட கொக்கியில் மட்டும். கம்பி மேல் ஏறி நின்றுவிட்டு ஹார்னஸ் போட்டிருக்கிறேனே என்று சொல்கிற ஆட்கள்மேல் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

எழுத்துத் தேர்வு சுலபம், காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும்.

மதியம் செய்முறை. என் முறை வந்ததும் நேராக ஏணியில் கால் வைத்தேன். "எங்கே போகிறீர்கள் தம்பி?" என்றார். சரி, சுற்றிப் பார்க்கச் சொல்கிறார் என்று இறங்கி, ஒரு சுற்று சுற்றினேன். வேண்டுமென்றே நான்கு குறைகளை வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. நுழைவுக் கம்பியின் தாழ் சரியாக விழாமல் இருந்தது, பார்த்துவிட்டேன். ஒரு சக்கரத்தில் ஆணி இருந்தது, அதையும் பார்த்தேன். எக்ஸ்டென்ஷனைப் பூட்டுகிற பின் பாதிதான் நுழைந்திருந்தது, பார்க்கவில்லை. தளத்தில் இருக்கிற பெட்டியில் கையேடே இல்லை, பெட்டியைத் திறந்தால்தானே தெரியும்.

சுற்றி முடித்தேன், மறுபடியும் ஏணியில் கால் வைத்தேன். கீழே இருக்கிற கட்டுப்பாட்டுப் பலகையில் சாவியைத் திருப்பி, கீழிருந்தே ஏற்றி இறக்கி, சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்தி நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் அவசரமாக இறக்கும் கைப்பிடியை இழுத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் மேலே ஏற வேண்டும். மூன்று வருடத்தில் அந்தக் கைப்பிடியை நான் தொட்டதே இல்லை. எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. அவர் எதுவும் சொல்லாமல் தாளில் ஏதோ எழுதினார்.

ஓட்டுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை. கூம்புகளுக்கு நடுவில் வளைத்து, பின்னால் எடுத்து, கோட்டுக்கு நேராக நிறுத்தி, உயர்த்தி, உத்தரத்துக்குப் பக்கத்தில் மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். தலைக்கு மேலே பார்த்தேன், கம்பிக்கும் உத்தரத்துக்கும் நடுவில் கை மாட்டாமல் பார்த்துக்கொண்டேன், உள்ளுக்குள் ஒரு பெருமை கூட வந்தது. இறக்கு என்றார். ஜாய்ஸ்டிக்கை இழுத்தேன். இரண்டு மீட்டர் உயரம் வந்ததும் இயந்திரம் தானாக நின்றது. சில மாடல்களில் இப்படி நிற்கும், நான் இத்தனை வருடமும் அதைப் பழைய இயந்திரத்தின் இழுபறி என்று நினைத்துக்கொண்டு, சில நொடி கழித்து ஜாய்ஸ்டிக்கை மறுபடி இழுத்துக்கொண்டிருந்தேன். அன்றும் இழுத்தேன். ஒரு சாண் இறங்கியிருக்கும், டக்கென்று நின்றுவிட்டது. கீழே அவர் சிவப்புப் பட்டனை அழுத்திக்கொண்டு நிற்கிறார், முகத்தில் கோபம் இல்லை.

"குனிந்து பாருங்கள்" என்றார்.

கம்பிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கத்தரிக் கைகள் மடங்கி வருகிற இடத்துக்கு நேர் கீழே, சேசிஸின் மேல், மஞ்சள் ஹெல்மெட் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. நான் மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வைத்தது. அந்த இரண்டு மீட்டர் நிறுத்தம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. கையோ தலையோ உள்ளே இருந்தால் விலகவும், மேலே இருப்பவன் குனிந்து பார்க்கவும் கொடுக்கிற நேரம் அது. நான் அந்த நேரத்தில் கடைசி போல்ட்டைக் கீழே இறங்கி யார் முடுக்குவது என்று யோசிப்பதுதான் வழக்கம்.

தேர்வில் தோல்வி. அந்தத் தாளில் ஓட்டும் திறன் என்ற கட்டத்தில் நல்ல மதிப்பெண் இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

அடுத்த வாரம் திரும்பப் போனேன். இந்த முறை சுற்றிப் பார்க்கவே பதினைந்து நிமிடம் ஆயிற்று. பெட்டியைத் திறந்தேன், பின்னை அழுத்திப் பார்த்தேன், எண்ணெய் கசிகிறதா என்று அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றி மாட்ட முடியும் என்பதால் அதைத் தலைகீழாக, அதாவது பின்பக்கம் பார்த்து மாட்டியிருந்தார் மனுஷன். அப்படி இருந்தால் முன்னால் தள்ளும்போது இயந்திரம் பின்னால் போகும், பெட்டியிலும் சேசிஸிலும் ஒரே நிறத்தில் அம்புக்குறி ஒட்டியிருப்பது அதைச் சரிபார்க்கத்தான். கண்டுபிடித்தேன். இறக்கும்போது நிறுத்தம் வந்ததும் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். ஹெல்மெட் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக் கூட இருந்தது. கார்டு வந்துவிட்டது.

சைட்டுக்குத் திரும்பிய முதல் நாள் சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து ஏன் இன்னும் மேலே போகவில்லை என்று கேட்டுவிட்டுப் போனார். நான் பையனுக்குக் கைப்பிடியைக் காட்டிக்கொண்டிருந்தேன். இந்த மாடலில் அது ஏணிக்குப் பக்கத்தில் சேசிஸில் இருக்கிறது, வேறு மாடலில் வேறு இடத்தில் இருக்கும். சாவி கீழ்ப்பலகையிலேயே இருக்க வேண்டும், நான் மேலே மயங்கி விழுந்தாலும் பேட்டரி தீர்ந்தாலும் இவன்தான் என்னை இறக்க வேண்டும், வேறு யாரும் இல்லை. "நான் இழுத்தால் நீங்கள் விழுந்துவிட மாட்டீர்களா அண்ணா?" என்றான். ஏறி இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றேன், இழு என்றேன். ஸ்ஸ்ஸ் என்று எண்ணெய் திரும்புகிற சத்தத்தோடு தளம் மெதுவாக இறங்கியது, அவன் பயந்து கையை விட்டான், உடனே நின்றது. மறுபடி இழுத்தான். மூன்றாவது தடவை இழுப்பதற்கு முன்னால், நான் எதுவும் சொல்லாமலே, குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இழுத்தான்.