மூன்று நான்கான கதை: ப்ராக்ஸ்மாக்ஸ் பெட்டி, ஏழாவது வாரம்

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, ஒரே பெட்டிக்குள் பல கணினிகளை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருள் போட்ட என் வீட்டு சர்வர் காணாமல் போனது. இரவு ஒன்பதரைக்குத் திரும்பி வந்தது. பெட்டி என்னவோ மேசைக்கடியில்தான் இருந்தது. மின்விசிறி சுற்றியது, முன்விளக்கு எரிந்தது. நெட்வொர்க்கில் மட்டும் ஆளைக் காணோம். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். மதர்போர்டில் காலியாகக் கிடந்த எம்.2 இடத்தில் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியை (வேகமான சேமிப்பு டிஸ்க்) சொருகினேன். அதையும் அணைத்து, பவர் வயரைப் பிடுங்கி, ஒழுங்கு மரியாதையாகத்தான் செய்தேன்.

பெட்டி பழசு. ரைசன் 5 3400ஜி, பி450 போர்டு, 16 ஜிபி ரேம், 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. சிப்பிலேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் தனி கார்டு இல்லாமல் மானிட்டர் சொருகலாம். சர்வருக்கு எதற்கு மானிட்டர் என்று கேட்கிற ஆளாகத்தான் போன வாரம் வரை நானும் இருந்தேன்.

அலுவலகத்தில் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ பழகிய கை, அதுவும் இதே வேலைக்கான மென்பொருள்தான். வீட்டிலும் அதையே போட நினைத்திருந்தேன். இலவசப் பதிப்பை 2024 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தார்கள். அதற்குள் என் மனசு ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. அடியில் டெபியன் லினக்ஸ், விஎம்முக்கு (தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் கணினி) கேவிஎம், கண்டெய்னருக்கு (அதைவிட இலகுவான தனி அறை) எல்எக்ஸ்சி. ஏதாவது கெட்டுப்போனால் உள்ளே போய்ப் பார்க்கலாம், எல்லாம் தெரிந்த லினக்ஸ்தான் என்ற தைரியம். நிறுவியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பதினைந்து நிமிட வேலை. சந்தாக்காரர்களுக்கான எண்டர்பிரைஸ் ரெப்போ (மென்பொருள் கிடங்கு) 401, அதாவது அனுமதி இல்லை என்று முறைக்கும், நோ-சப்ஸ்கிரிப்ஷன் ரெப்போவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உள்ளே நுழையும்போதெல்லாம் சந்தா இல்லை என்று ஒரு பெட்டி எட்டிப்பார்க்கும். அதை மறைக்க ஸ்கிரிப்ட் கிடைக்கிறது, நான் போடவில்லை. ஓசியில் சாப்பிடுகிறவன் பரிமாறுகிறவரின் முகத்தையாவது பார்க்க வேண்டாமா.

இப்போதைக்குள்ள குடித்தனக்காரர்கள்: 100 என்ற எண்ணில் விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல், 512 எம்பி ரேமில் ஒரு கண்டெய்னர். 101-இல் வீட்டு ஸ்மார்ட் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட். 102-இல் கண்டதையும் போட்டுடைக்க ஒரு டெபியன் விஎம். 103 விண்டோஸ், பாதியில் நிற்கிறது. மெய்நிகர் டிஸ்க்கைக் காட்டும் விர்ட்ஐஓ டிரைவர் இருக்கும் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டாததால் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை. அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டவன்தான்.

சரி, ஞாயிற்றுக்கிழமை.

எஸ்எஸ்டியைச் சொருகி, மூடியைப் போட்டு, திருகுகளைக்கூட முடுக்கிவிட்டு (இதுதான் நான் செய்த முதல் தப்பு) ஆன் செய்தேன். லேப்டாப் பிரௌசரில் ப்ராக்ஸ்மாக்ஸின் முகவரி 192.168.1.50, போர்ட் 8006. வரவில்லை. பூட் ஆகட்டும் என்று காபி போடப் போனேன். திரும்பி வந்தும் வரவில்லை. பிங்குக்குப் பதில் இல்லை, எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழையவும் முடியவில்லை. அதற்குள் மாடியிலிருந்து அக்காவின் குரல்.

“டேய், அந்த டப்பாவை நோண்டுனியா? பையனுக்கு நெட் வரல!”

“அஞ்சு நிமிஷம்க்கா.”

வீட்டு ரூட்டரில் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றுவது) முகவரியாகப் பை-ஹோலை மட்டும் கொடுத்து வைத்திருக்கிறேன். பெட்டி படுத்தால் வீட்டில் யாருக்கும் எந்தத் தளமும் திறக்காது. ரூட்டரில் டிஎன்எஸ்ஸை மாற்றிவிட்டு மறுபடி மேசைக்கடியில் நுழைந்தேன்.

ஹால் டிவியின் எச்டிஎம்ஐ வயரைக் கழற்றிக்கொண்டு வந்து என் மானிட்டரில் சொருகிப் பார்த்தால், ப்ராக்ஸ்மாக்ஸ் கம்பீரமாக பூட் ஆகி நிற்கிறது. வரவேற்பு வாசகத்தில் “இந்த முகவரிக்கு வந்து என்னைப் பாருங்கள்” என்று அதே 192.168.1.50, அதே 8006. அதைப் பார்த்ததும் பெட்டியில் கோளாறு இல்லை, வயரில்தான் என்று முடிவு கட்டினேன். போர்ட் விளக்கு வேறு எரியவில்லை. ஒரு வயரை மாற்றினேன், இன்னொன்றை மாற்றினேன். ரூட்டரில் வேறு போர்ட். அதே வயரை லேப்டாப்பில் சொருகினால் நெட் வருகிறது. முக்கால் மணி நேரம் இப்படிப் போனது. அந்த வரவேற்பு வாசகம் ஒரு கோப்பில் எழுதி வைத்த வெறும் எழுத்து, நெட்வொர்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைத்தான் காட்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

ரூட்டாக (நிர்வாகியாக) நுழைந்தேன். விஎம்பிஆர்0 பிரிட்ஜ் உயிரோடு இருக்கிறது, ஐபி முகவரி இருக்கிறது, நிலை ‘அப்’. பை-ஹோல் கண்டெய்னருக்குப் பிங் போட்டால் சட்டென்று பதில் வருகிறது. ரூட்டருக்குப் போட்டால் மூச்சில்லை. இந்த இடத்தில்தான் ரொம்ப நேரம் சுற்றினேன். பிரிட்ஜ் வேலை செய்கிறதே, பிறகு என்ன? ஃபயர்வாலா? அதையும் நிறுத்திப் பார்த்தேன். மறுபடி நிறுவிவிடலாமா என்று யுஎஸ்பியைக் கையில் எடுத்ததுவரை உண்மை.

பிரிட்ஜ் என்பது ஒரு சாஃப்ட்வேர் ஸ்விட்ச். கண்டெய்னர்களும் விஎம்களும் அதன் போர்ட்டுகளில் உட்கார்ந்திருக்கின்றன. அவை ஓடிக்கொண்டிருந்தால் போதும், பிரிட்ஜ் ‘அப்’ என்றுதான் காட்டும். வீட்டுக்குள் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். தெருவாசலை மட்டும் யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வாசல்தான் நிஜமான ஈத்தர்நெட் போர்ட்.

ஐபி லிங்க் கட்டளை கொடுத்தால் பட்டியலில் ஈஎன்பி4எஸ்0 என்று ஒன்று, நிலை ‘டவுன்’. இதையும் நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை. நெட்வொர்க் அமைப்பு எழுதியிருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பைத் திறந்து பிரிட்ஜ்-போர்ட்ஸ் வரியைப் படித்தபோதுதான் பொறி தட்டியது. அங்கே இருப்பது ஈஎன்பி3எஸ்0. மூன்று. பெட்டியில் இருப்பது நான்கு.

‘ஈஎன்’ என்றால் ஈத்தர்நெட். ‘பி’க்குப் பின்னால் வருவது அந்தச் சிப் உட்கார்ந்திருக்கும் பிசிஐ பஸ் எண், ‘எஸ்’ஸுக்குப் பின்னால் ஸ்லாட். என் போர்டில் எம்.2 இடம் நேராக சிபியுவோடு இணைந்தது. அங்கே ஒரு சாதனம் வந்ததும் எண்ணும் வரிசையில் அதற்கு முதல் இடம் கிடைக்கிறது. அதற்குப் பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொரு அடி தள்ளி நிற்க, நெட்வொர்க் சிப் மூன்றிலிருந்து நான்குக்குப் போய்விட்டது. ரேஷன் கடை வரிசையில் நடுவில் ஒருவர் நுழைந்த மாதிரி. இந்தப் பெயரிடும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘பிரெடிக்டபிள்’ என்று பெயர். முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதாம்! நியாயமாகச் சொன்னால், பழைய ஈத்0, ஈத்1 காலத்தில் இரண்டு கார்டு இருந்தால் ஒவ்வொரு பூட்டிலும் பெயர் மாறி உட்காரும் அபாயம் இருந்தது. அதற்கு இது மேல். ஆனாலும் மூன்றரை மணி நேரம் போனவனுக்கு நியாயம் பேச வராது.

மூன்றை நான்காக்கிச் சேமித்து, நெட்வொர்க் அமைப்பை மறுபடி ஏற்றும் ஐஎஃப்ரீலோட் கட்டளையைக் கொடுத்தேன். மேசைக்கடியில் பச்சை விளக்கு மினுக்கியது. ஒரே ஓர் எழுத்து.

நாளைக்கே இன்னொரு கார்டு சொருகினால் இதே கூத்து நடக்குமே என்று, பெயரை மேக் முகவரியோடு (கார்டுக்கே உரிய அடையாள எண்) கட்டிப்போட உட்கார்ந்தேன். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யின் நெட்வொர்க் அடைவில் ‘லிங்க்’ என்று முடியும் ஒரு கோப்பு வைக்க வேண்டும். பெயர் 10 என்று தொடங்கட்டும்; இயல்பாக வரும் கோப்பு 99, அதற்கு முன்னால் படிக்கப்பட வேண்டும். மேக் முகவரியோடு ‘டைப்=ஈத்தர்’ வரியும் அவசியம். பிரிட்ஜும் நிஜ போர்ட்டின் மேக் முகவரியையே எடுத்துக்கொள்கிறது, யாருக்கு இந்தப் பெயர் என்று குழப்பம் வரக்கூடாது. அப்புறம் பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும். நான் மறந்தேன். புதுப் பெயரை இன்டர்ஃபேசஸ் கோப்பில் எழுதிவிட்டு ரீபூட் செய்தால் பெட்டி மறுபடி காணோம். மறுபடி எச்டிஎம்ஐ வயர், மறுபடி மேசைக்கடி. அக்கா இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை, டிவி முன்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ப்ராக்ஸ்மாக்ஸ் பதிப்பு 9-இல் இதற்கென்றே ஒரு கட்டளை கொடுத்திருக்கிறார்கள். நான் இன்னும் 8-இல் இருப்பதால் கையால்தான்.

பெயர் என்ன வைப்பது என்பதில் ஒரு சின்ன சந்தோஷம். ‘ஈஎன்’ அல்லது ‘ஈத்’ என்று தொடங்கினால்தான் ப்ராக்ஸ்மாக்ஸின் வலைப்பக்கம் அதை நிஜ போர்ட்டாக ஏற்றுக்கொள்ளும். ‘ஈஎன்’னுக்குப் பின்னால் வீடு என்று ஆங்கில எழுத்தில் சேர்த்தேன். சேர்த்துப் படித்தால் என்வீடு0. இந்த மூன்றரை மணி நேரத்தில் எனக்கு உருப்படியாகத் தோன்றியது இது ஒன்றுதான்.

சோதித்தும் பார்த்தேன். எஸ்எஸ்டியைக் கழற்றி பூட்: என்வீடு0. திரும்பச் சொருகி பூட்: என்வீடு0. திருகு மட்டும் இரண்டு நாள் கழித்துத்தான் முடுக்கினேன்.

ரேம் பற்றி ஒரு வார்த்தை. 16 ஜிபி போதவில்லை, விண்டோஸ் விஎம்முக்கு நான்கு கொடுத்தாலே மற்றவர்கள் முனகுகிறார்கள். டிஸ்க்குக்கு ரேமை நிறையத் தின்னும் இசட்எஃப்எஸ் கோப்பு முறை மேல் ஆசை இருந்தும் எளிமையான எக்ஸ்ட்4, எல்விஎம்-தின் என்று போனதற்கும் ரேம்தான் காரணம். போன மாதம் சென்னை போனபோது ரிச்சி தெருவில் பழைய 16 ஜிபி டிடிஆர்4 குச்சிகள் இரண்டு வாங்கினேன். ஒன்று ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டில் பத்தாவது நிமிடமே சிவப்பாக அழுதது. கடைக்காரர் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவதாகச் சொன்னார், ஆனால் நேரில் வர வேண்டுமாம். பழைய ரேம் வாங்கினால் பில்லில் வாரண்டி நாளை எழுதி வாங்குங்கள், அன்று இரவே மெம்டெஸ்ட் ஓட்டுங்கள்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருப்பதை மூன்று வருடம் கழித்துக் கண்டுபிடித்தேன். தட்டிவிட்டதும் சரியானது. பை-ஹோலுக்கு ஒரு துணை வேண்டும். ரூட்டரில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக வெளி முகவரி எதையாவது கொடுத்தால் பாதி விளம்பரம் அந்த வழியாக நுழைந்துவிடும். அலமாரியில் தூங்கும் ராஸ்பெர்ரி பையை எழுப்பலாமா என்று யோசனை. பழைய லேப்டாப்பில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் போடும் திட்டமும் இருக்கிறது. இப்போதைக்கு பேக்கப்பும் அதே சாட்டா டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறது, யாரும் திட்ட வேண்டாம்.

விஎம்களையெல்லாம் குடிவைக்கத்தான் அந்த என்விஎம்இயை வாங்கினேன். பத்து நாளாகிறது, இன்னும் அதில் ஒரு பார்டிஷன்கூடப் போடவில்லை.