ஒரு ஷில்லிங்கை, அதாவது பழைய ஆங்கிலேயக் காசை, வைத்து எவ்வளவு சொல்லலாம்?

அமெரிக்காவின் மேரிலாந்தில் 1634-இல் ‘ஆர்க்’, ‘டவ்’ கப்பல்களில் வந்திறங்கிய ஏறக்குறைய 150 ஆங்கிலேயக் குடியேறிகள் செயின்ட் மேரிஸில் கோட்டை கட்டினார்கள். அதன் இடம் கண்டறியப்பட்டதாக 2021 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. கிடைத்த பொருள்களில் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் வெள்ளி ஷில்லிங்கும் ஒன்று. செய்திகளில் காசுக்குத்தான் பெரிய படம். கோட்டையைக் காட்டிக்கொடுத்ததோ காந்த அளவீடும், தரையை ஊடுருவும் ரேடாரும், மரவேலிக்காக வெட்டிய பள்ளம் மண்ணில் விட்ட கறையும்தான்.

அந்தக் காலத்தில் லண்டன் டவர் கோட்டையின் நாணயச்சாலையில் அடித்த ஷில்லிங்கில் ஆண்டு இருக்காது. அரசர் தலைக்குப் பின்னால் ரோமன் எண்ணில் 12, அதாவது 12 பென்னி. எழுத்துவட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு குறி. காசுகளின் எடையையும் தரத்தையும் பார்க்கும் நாணயச் சோதனை முடிந்ததும் அது மாறும்: யாழ் 1632-33, கோட்டைவாயிலின் இரும்புக் கிராதி 1633-34, மணி 1634-35. குறி தேய்ந்துபோனால் காலத்தை இவ்வளவு நெருக்கிச் சொல்ல முடியாது. தெளிவாக இருந்தாலும், காசு கிடந்த மண்ணடுக்கு அந்தக் குறியின் காலத்துக்கு முந்தியதல்ல என்பதோடு காசின் சாட்சியம் முடிகிறது. எவ்வளவு பிந்தியது என்பதற்கு, அதே அடுக்கில் கிடைக்கும் களிமண் புகையிலைக் குழாய்த் தண்டின் துளையை அளக்க வேண்டும். காலம் செல்லச் செல்ல துளை குறுகிக்கொண்டே வந்தது. இந்தக் கணிப்பெல்லாம் காசு கலையாத அடுக்கில் இருந்தால் மட்டுமே. உழுமண்ணில் கிடைத்தது எதையும் நாள்குறிக்காது. இடத்தையும் ஆழத்தையும் பதியாமல் காசைக் கையில் எடுத்துவிட்டால், மிஞ்சுவது அழகான வெள்ளித்துண்டுதான்.

எடையும் பேசும். ஒரு ட்ராய் பவுண்டு (வெள்ளி நிறுக்கும் பழைய அளவு, சுமார் 373 கிராம்) வெள்ளிக்கு 62 ஷில்லிங் என்பது கணக்கு. ஆக ஒன்று சுமார் 6 கிராம். 5 கிராம்தான் இருக்கிறதென்றால் விளிம்பைப் பாருங்கள்: எழுத்துகளின் தலை சீராக வெட்டுப்பட்டிருந்தால் வெள்ளி திருட யாரோ நறுக்கியது. விளிம்பு முழுதாக இருந்தால் தேய்மானமோ, மண் அரித்ததோ.

வெள்ளி 92.5 சதவீதம், மீதி பெரும்பாலும் செம்பு. பச்சைப் படிவு அந்தச் செம்பினுடையது. சாம்பல்நிற மெழுகுபோல் இருப்பது வெள்ளி குளோரைடு. கட்டைவிரலால் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து உரியும். கடைகளில் விற்கும் வெள்ளிக் கழுவுநீர் பளபளப்பைத் தரும், மேற்பரப்பைத் தின்னும். நுண்ணோக்கியின் கீழ் மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக நீக்குவதுதான் வேலை. வளைந்திருந்தால் நிமிர்த்தவே கூடாது; நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெள்ளி நொறுங்கும். பிறகு அமிலமற்ற தாள், சிலிக்கா ஜெல், மூடிய பெட்டி. ரப்பரும் கம்பளியும் பக்கத்தில் வேண்டாம். அவற்றிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.