நூற்றைந்தை 1005 என்று எழுதிய பிள்ளை

நான் மூன்றாம் தரத்து வகுப்பாசிரியை. வீடு மட்டக்களப்பு ஆரையம்பதியில். பள்ளிக்கூடம் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையும் தாண்டி வயல் நடுவில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். இப்போது ஸ்கூட்டியில் போய்விடுகிறேன். அந்தக் காலைப் பயணத்தில்தான் அன்றைய பாடத்தைப் பற்றி அதிகம் யோசிப்பேன்.

போன தவணையில் ஒரு நாள் எண்களைச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தேன். முப்பத்தாறு, எண்பது, நூற்றைந்து, இருநூற்று முப்பத்து நான்கு. ஒரு மகனின் கொப்பியில் நூற்றைந்து 1005 என்று இருந்தது. இருநூற்று முப்பத்து நான்கு 200304. முன்பென்றால் சிவப்புப் பேனையால் பிழை போட்டுவிட்டு அடுத்த கொப்பியை எடுத்திருப்பேன். பல வருடம் அப்படித்தான் செய்தேன். அதை நினைத்தால் இப்போது மனது கனக்கிறது.

அன்றைக்கு என்னவோ, கேட்கத் தோன்றியது.

"இஞ்ச வாங்க மகன், இதை எப்படி எழுதினீங்க?"

"டீச்சர் முதல்ல நூறு சொன்னீங்க, நூறு எழுதினன். பிறகு ஐந்து சொன்னீங்க, ஐந்து எழுதினன்."

எவ்வளவு நேர்மையான பதில். காதில் விழுந்ததை விழுந்த வரிசையில் எழுதியிருக்கிறான். வாயால் சொல்லும்போது பூச்சியம் எங்கேயும் வருவதில்லை. நூற்றைந்து என்ற சொல்லில் நூறு இருக்கிறது, ஐந்து இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்தும் அதே யோசனைதான். என் அம்மப்பாவின் சாதக ஓலையில் பழைய தமிழ் எண்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள். நூற்றைந்தை ௱௫ என்று எழுதுவார்கள். இருபத்து மூன்று ௨௰௩. சொல்லுகிற மாதிரியே எழுத்து, பூச்சியத்துக்கு வேலையே இல்லை. அந்தப் பிள்ளை செய்ததும் அதேதான். நம் முன்னோர் எழுதிய கணக்கில் அவன் சரி. நாம் இப்போது எழுதும் முறைதான் வேறு. இடத்தைப் பார்த்துப் பெறுமானம் சொல்லும் முறை அது, அதை யாராவது ஒருவர் காட்டித்தர வேண்டும்.

அடுத்த நாள் தென்னை ஈர்க்கு கொண்டுபோனேன். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பட்டி போட்டுக் கட்டினார்கள். பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. எண்ணி முடிக்கவே ஒரு பாடவேளை போய்விட்டது, போகட்டும் என்று விட்டேன். கையால் கட்டிய நூறு மறக்காது. அப்புறம் நிலத்தில் சோக்கால் மூன்று பெட்டி கீறி, நூறினிடம், பத்தினிடம், ஒன்றினிடம் என்று எழுதினேன். நூற்றைந்தை வைக்கச் சொன்னேன். பெரிய கட்டு ஒன்றை வைத்தான், தனி ஈர்க்கு ஐந்து வைத்தான்.

"நடுப்பெட்டியில என்ன இருக்கு?"

"ஒண்டுமில்ல டீச்சர்."

"அந்த ஒண்டுமில்லையை எப்படி எழுதுவீங்க?"

கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தான். பிறகு அந்த வெறும் பெட்டிக்குள் சோக்கால் ஒரு வட்டம் போட்டான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தொண்ணூறு இன்னொரு சிக்கல். இருபது, முப்பது, எண்பது என்று பத்துப் பத்தாக ஏறிக்கொண்டு வந்த சொற்கள் தொண்ணூறில் திடீரென்று நூறைத் தொடுகின்றன. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் வந்து நிற்கிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் 'தொண்டு' என்ற சொல்லும் இருந்தது, பரிபாடலில் எட்டுக்கு அடுத்து அதுதான் வருகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையில்லை. ஆனால் படிப்பிக்கிறவருக்குத் தெரிந்திருந்தால், தொண்ணூறை 900 என்று எழுதும் பிள்ளைமேல் கோபம் வராது. நான் ஒன்பது கட்டை வரிசையாக வைத்து, இன்னும் ஒரு கட்டு வந்தால்தான் நூறு என்று காட்டுகிறேன். மாதம் முழுக்கக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு தாய் வந்து, "ஈர்க்கோட விளையாடினா ஐந்தாம் ஆண்டுச் சோதனைக்கு என்ன செய்யிறது டீச்சர்?" என்று கேட்டார். அவருடைய கவலை எனக்கு விளங்கும். அந்தப் புலமைப்பரிசில் சோதனை என்றால் எங்கள் பக்கத்தில் வீடே பரபரப்பாகிவிடும். ஆனாலும் இடப்பெறுமானம் பிடிபடாமல் போனால் கடன் வாங்கிக் கழிப்பதெல்லாம் மனப்பாடம்தான். அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, அவர் பிள்ளையிடமே 105இலிருந்து 8ஐ எடுக்கச் சொன்னேன். பிள்ளை பெரிய கட்டைப் பிரித்துப் பத்துக் கட்டாக்கி, அதில் ஒன்றின் ரப்பர் பட்டியைக் கழற்றியது. தாய் ஒன்றும் பேசவில்லை, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது அட்டைகள் செய்கிறோம். 100 ஓர் அட்டை, 30 ஓர் அட்டை, 4 ஓர் அட்டை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக வலது ஓரம் பொருந்த வைத்தால் 134. போன வெள்ளிக்கிழமை அந்த மகனிடம் 900ஐயும் 5ஐயும் கொடுத்தேன். வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஒரு பூச்சியம் ஐந்துக்குக் கீழ ஒளிச்சிட்டு, மற்றது நிக்குது" என்றான்.

அட்டைக்குப் பழைய கலண்டர்கள் வெட்டுகிறேன். ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது வாசித்தால், போன வருடத்துக் கலண்டரை எறியாமல் வையுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.