முட்டியும் மரக்காடும்: ஒரு பொள்ளாச்சி நாட்குறிப்பு

அக்டோபர் 11

தம்பி ரவைக்கு ரெண்டு மணிக்கு மெசேஜ் போட்டிருக்கான். "அக்கா, எபிக்கா ஐகானா, சீக்கிரம் சொல்லு, வெல ஏறீட்டே இருக்கு." ரெண்டும் பனிச்சறுக்கு ரிசார்ட்டுகளுக்கு போற சீசன் பாஸ். 2025 மார்ச்ல விற்பனை தொறந்தப்ப எபிக் 1,051 டாலர், ஐகான் 1,329. அந்த சமயத்துல நான் முட்டி ஆபரேசனுக்கு தேதி கேட்டுட்டு கட்டல்ல கெடந்தேன், பாஸ் நெனப்பு எங்க வரும்.

அக்டோபர் 13

மழை. பிசியோவுக்கு போகல. வீட்லயே செவுத்துல சாஞ்சு பண்ணினேன்.

அக்டோபர் 15

பொழுதோட தோப்புக்குள்ள நடந்தேன். அப்பாரு பின்னாடியே வந்தாரு, "பாத்து அம்மணி, வாய்க்கா மேட்டுல கால வெச்சுப்போடாத"ன்னுட்டே. வடக்க வேர்வாடல் வந்து வெட்டுன வரிசைய அவரு திரும்பியே பாக்கறதில்ல. எங்க தோப்புல மரத்துக்கு மரம் 25 அடி. அந்த எடவெளி கெடைச்சா கண்ண மூடீட்டு ஸ்கீ ஓட்டலாம். அமெரிக்காவுல, கொலராடோ ஸ்டீம்போட்ல ஆஸ்பென் மரங்க இத்தன தள்ளித்தள்ளி நிக்காது, ஆனா அடில கெள இருக்காது, மொகத்துல அடிக்காது, வெள்ள வெள்ளையா தண்டு மட்டும் ரெண்டு பக்கமும் ஓடும். மரத்த பாக்கவே கூடாது, சந்த மட்டும் பாக்கோணும், கண்ணு எங்க போகுதோ ஸ்கீ அங்க போகும். அப்பாருகிட்ட சொன்னேன். "வண்டியும் அப்படித்தான் கண்ணு, குழியவே பாத்துட்டு போனா குழில தான் உடுவோம்"னாரு. அம்மாவுக்கு ஒரு வருசமா சொல்லி புரியாதது இவருக்கு ஒரே தடவைல புரிஞ்சுது.

அக்டோபர் 20

தீபாவளி. வீடு நெறைய ஒறம்பரை. எல்லாரும் முட்டியத்தான் பாக்கறாங்க. "இனியுமா அம்மணி அந்த பனி வெளையாட்டு?" ஆமாங்க.

அக்டோபர் 23

தம்பி முக்கா மணி நேரம் பேசினான். அவனுக்கு பார்க் வேணும், அதான் தாவி வெளையாட பனில மேடு கட்டி வெச்சிருக்கற எடம், வேற எதுவும் வேணாம். பிரெக்கன்ரிட்ஜ்ல ஃப்ரீவே பார்க், பக்கத்துலயே கீஸ்டோன்ல ஏ51, ரெண்டும் எபிக்ல வந்துருது, டென்வர்லருந்து வாராவாரம் கார்ல போயிருவான். சன்னல்ல போய் ஒரு நாள் டிக்கெட் வாங்குனா பெரிய ரிசார்ட்டுல பீக் நாள்ல 300 டாலர தாண்டுது, அதனால பாஸ் இல்லாம யாரும் போறதில்ல, அவன் சொல்றது நாயந்தான். ஆனா எனக்கு கிக்கர்னு, அந்த தாவற மேட்ட, சொன்னாலே முட்டி சில்லுனு ஆகுது. கிக்கர்ல தாவி சரிவுல எறங்குனா அதிர்ச்சி வழுக்கிட்டு போயிரும். அன்னிக்கு பனி ஈரமா ஸ்கீய புடிச்சு இழுத்து வேகம் செத்துப்போச்சு, சரிவுக்கு முன்னாடியே மேட்டு விளிம்புல, நக்கிள்னு சொல்வாங்களே, அதுல தொப்புனு எறங்குனேன். டப்புனு ஒரு சத்தம், அவ்வளவுதான். பூட்ஸ ஸ்கீயோட பூட்டற பைண்டிங் கழண்டுச்சான்னு இன்னிக்கும் கேக்கறாங்க. கழண்டுச்சுங்க. பைண்டிங்க செஞ்சதே கீழ்க்காலு எலும்பு ஒடையாம இருக்க, முட்டிக்குள்ள இருக்கற ஏசிஎல் தசநார காப்பாத்த இல்ல.

அக்டோபர் 24

வீக்கம் கொஞ்சம். ஐஸ்.

அக்டோபர் 29

தூக்கம் இல்ல. ட்ரீ வெல் பத்தியே நெனப்பு. ஊசியில மரத்துக்கு அடிக்கெள கொட மாதிரி விரிஞ்சிருக்கும், பனி தண்டுகிட்ட வுழாது, சுத்தியும் ஏறிக்கும், உள்ள பொலபொலன்னு குழி. தலகுப்புற வுழுந்தா நம்மளா எந்திரிக்க முடியாது, அசைய அசைய பனி மேல சரியும், சில நிமிசத்துல மூச்சு போயிரும். அதனால மரத்துக்குள்ள ஒத்தையா போகவே கூடாது, கூட வர்றவங்க கண்ணுல பட்டுட்டே இருக்கோணும், போல் குச்சியோட வார கையில மாட்டக்கூடாது, விசில் கழுத்துலயே கெடக்கோணும். இதெல்லாம் தெரிஞ்சவ தான் நான். ஆனா பலமில்லாத கால வெச்சுட்டு குழிக்குள்ள கெடந்தா அந்த கால வெச்சு என்னத்த ஒதைப்பேன்? தம்பி பார்க்ல இருப்பான், நான் யாரு கண்ணுல படுவேன்?

இதுதான் வெசனம். முட்டி இல்ல.

நவம்பர் 3

வழி கெடைச்சிருச்சு!! ரசுட்சு. ஜப்பான்ல ஹொக்கைடோ. நான் இத்தன நாளும் அங்கயே இருக்கற நிசெகோவையே பாத்துட்டு இருந்தேன், அது ஐகான்ல இருக்கு, அதான் ரெண்டு பாஸுக்கும் நடுவுல மாட்டி முழிச்சுட்டு இருந்தோம். யோதெய் மலைக்கு அந்தப்பக்கம் இருக்கற ரசுட்சு எபிக்ல வருது, தொடர்ச்சியா 5 நாளு. பனி அதே பனிதான், சைபீரியாவுலருந்து வர்ற காத்து ஜப்பான் கடல் மேல ஈரத்த அள்ளீட்டு வந்து அந்த மலைங்க மேல கொட்டுது. மரம் பெரும்பாலும் பிர்ச், எலை உதுந்து மொட்டையா நிக்கும், ஊசியில மரம் அளவுக்கு குழி பயம் கெடையாது, கலந்து நிக்கற எடத்துல மட்டும் உசாரா இருந்தா போதும். வெஸ்ட், ஈஸ்ட், ஐசோலான்னு மூணு மலை, எல்லைக்குள்ள இருக்கற மரத்துக்குள்ள போக விடறாங்க. ஆக ஒரே எபிக், அவனுக்கு கொலராடோ பார்க், எனக்கு மரம். ஒரே நிபந்தன, அந்த 5 நாளும் அவன் பார்க்க மறந்துட்டு என்ற கூட வரோணும், மரத்துக்குள்ள மாத்தி மாத்தி கண்ணுல வெச்சுக்கோணும்.

நவம்பர் 4

சரின்னுட்டான். மொனகிட்டே தான். சரின்னுட்டான்.

நவம்பர் 8

டாக்டர் 9 மாசத்துக்கு முன்னாடி பேச்சே கெடையாதுங்கறாரு, அதுக்கு முன்னாடி எறங்குனவங்களுக்கு திரும்ப அறுந்து போறது ரொம்ப அதிகமாம். ஏப்ரல்ல வெட்டுனது, ஜனவரில 9 முடியுது. பிப்ரவரி கடைசின்னு வெச்சா கொஞ்சம் மூச்சு விட எடம் இருக்கு. மாசம் மட்டும் பத்தாது, ஒத்தக்கால்ல தாவற தூரத்துல நல்ல காலோட 90 சதவீதமாச்சும் வரோணுமாம்.

நவம்பர் 12

அம்மா பேச மாட்டேங்கறாங்க. சோறு மட்டும் போடறாங்க.

நவம்பர் 15

84 சதவீதம்.

நவம்பர் 16

84 வந்தா என்ன. அடுத்த டெஸ்ட்டுக்கு இன்னும் நாள் இருக்குங்கறாங்க பிசியோ அம்மணி, தொடை முன்பக்கந்தான் இளைச்சு கெடக்கு, படி எறங்கறத மெதுவா பண்ணச் சொல்றாங்க. டேப்ப வெச்சு அளந்தேன், ரெண்டு தொடைக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியுது. பொடக்காளி படில பொழுதன்னிக்கும் ஏறி எறங்கறேன். பவுடர்ல, அதான் பொலபொலன்னு இருக்கற புதுப் பனில, அடியில ஸ்கீ சிக்கி மெதுவா முறுக்கிட்டு வுழறது தான் இந்த முட்டிக்கு ஆவாது, அதுக்கு தொடை தான் புடிச்சு நிறுத்தோணும்.

அம்மா இன்னிக்கு படிக்கு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டாங்க. "நீ கால பாத்து வெய்யி, எண்ணறத நான் பாத்துக்கறேன்"னாங்க.

நவம்பர் 19

தம்பி கார்டு நம்பர் கேக்கறான். டிசம்பர் தொடக்கத்துல விற்பனைய மூடிருவாங்க. அடுத்த டெஸ்ட் சனிக்கெழம, அதுக்கு முன்னாடி குடுக்க மாட்டேன்னு சொல்லீட்டேன். ரசுட்சுல ரூம் மட்டும் கேன்சல் பண்ற மாதிரி போட்டு வெய்யின்னேன், பிப்ரவரி கடைசி வாரம், ரெண்டு கட்டல். கோயமுத்தூர்லருந்து சிங்கப்பூர், அங்கருந்து டோக்கியோ, அப்பறம் ஹொக்கைடோவுல நியூ சிட்டோசே ஏர்போர்ட், அங்கிருந்து பஸ். ஸ்கீ பைய எந்த ஃபிளைட்டுல எத்தன கிலோ வரைக்கும் விடறாங்கன்னு நாளைக்கு கேக்கோணும்.