ஒன்லைன் எழுதும் நாட்கள்

ஜனவரி 28, நீடாமங்கலம்

சென்னையில் உதவி இயக்குநராக இருக்கும் நண்பன் ராத்திரி போன் பண்ணினான். ஒரு தயாரிப்பாளர் கதை கேட்கிறாராம். "பவுண்ட் ஸ்கிரிப்ட் அப்புறம்டா, முதல்ல ஒன்லைன் அனுப்பு" என்றான். அதாவது முழுத் திரைக்கதைக்கு முன்னால், கதையை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். என்னிடம் 110 பக்கத் திரைக்கதை இருக்கிறது, அந்த ஒரு வரிதான் இல்லை. உட்கார்ந்து எழுதினால் "டெல்டா விவசாயிகளின் வலியைச் சொல்லும் படம்" என்று வருகிறது. போஸ்டருக்கு ஆகும். இதில் ஆளும் இல்லை, அவன் செய்யும் காரியமும் இல்லை.

இன்றைக்குத்தான் வழக்கப்படி மேட்டூர் அணையை மூடும் நாள். ஜூன் 12-ல் திறந்தால் ஜனவரி 28 வரை. தண்ணீருக்கே கெடு இருக்கிறது, என் கதைக்கு இல்லை.

ஜனவரி 30

ஆளுக்குப் பெயர் வேண்டாம். முருகேசன் என்றால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. "கடன் வாங்கிச் சம்பா போட்ட குத்தகைக்காரர்" என்றால் பாதி நிலைமை புரிந்துவிடும். அதை வைத்து எழுதியது: கடன் வாங்கிச் சம்பா போட்ட குத்தகைக்காரர், அறுத்த நெல்லை விற்கப் போராடுகிறார்.

போராடுகிறார்! அதை எப்படிப் படம் பிடிப்பது, கேமராவை எங்கே வைப்பது? நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது, கேட்பவர் அதுவரை காதைக் கொடுத்துக் காத்திருக்கிறார். அங்கே கொண்டுபோய்ப் போராட்டம், பாசம், தவிப்பு என்று வைத்தால் காத்திருந்தது வீண். திருடுகிறார், ஒளிக்கிறார், கையெழுத்துப் போடுகிறார் என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஏதாவது வேண்டும்.

ஆங்கிலத்தில் திரைக்கதை சொல்லித் தருபவர்கள் இருபத்தைந்து, முப்பது சொல் என்பார்கள். வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் நமக்கு அதைவிடக் குறைவாகவே போதும். சொல்லை எண்ணுவதைவிட மோதலை எண்ணுவது முக்கியம் என்று எனக்குப் படுகிறது. அந்த 110 பக்கத்தில் அண்ணன் தம்பி வரப்புத் தகராறு ஒன்று இருக்கிறது. நல்ல காட்சிகள்தான், ஆனால் வரிக்குள் அதற்கு இடமில்லை.

பிப்ரவரி 1

மேகம் கட்டியிருக்கிறது. கொள்முதல் நிலையத்து வாசலில் ரோடு வரைக்கும் நெல், மேலே தார்ப்பாய். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். ஒரு தூறல் விழுந்தால் மறுபடி பரப்பிக் காயவைக்க வேண்டும். எனக்கு வேண்டிய கெடு இங்கே தரையில் கிடக்கிறது.

ஆனால் விவசாயி காத்துக் கிடப்பவர். முடிவு எடுப்பவர் வேறு ஆள்: ஈரம் பார்க்கும் மீட்டரைக் கையில் வைத்திருக்கும் பட்டியல் எழுத்தர். பெரும்பாலும் சீசன் வேலை, நாளைக்கு இருக்குமா என்றே தெரியாது. கதையை அவர் பக்கம் தள்ளினால் 110 பக்கத்தில் முக்கால்வாசி போய்விடும். போகட்டும். ராத்திரி எழுதியது:

"ஈரம் 17-ஐத் தாண்டினால் யார் நெல்லையும் எடுக்காத பட்டியல் எழுத்தர், 19 காட்டிய தன் அப்பாவின் நெல்லுக்குப் பில் போட்டுவிட்டு, காலையில் அதிகாரிகள் சோதனைக்கு வருவதற்குள் அந்த மூட்டைகளைத் தேடி எடுத்து ஒளிக்கிறார்."

கண்டிப்பான ஆளே விதியை மீறுவதுதான் இதில் சுவாரஸ்யம். எழுத்தர் கண்டிப்பில்லாத ஆள் என்றால் சாதாரண லஞ்சக் கதை. மாட்டினாரா இல்லையா என்பதை வரியில் சொல்லவில்லை, சொன்னால் மேலே கேட்க ஒன்றும் இருக்காது.

பிப்ரவரி 2

சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு சினிமா என்றால் அரை மணி நேரத்தில் தூக்கம். குத்தகைக்காரரை வைத்து எழுதிய முந்தைய வரியைக் கேட்டபோது "எத்தனை மா சாகுபடி?" என்றுதான் கேட்டிருந்தார். இந்தத் தடவை வெற்றிலையை மடிப்பதை நிறுத்திவிட்டு, "அப்பனுக்குத் தெரியுமாடா?" என்றார்.

நான் அதை யோசிக்கவே இல்லை. தெரிந்தால் அப்பாவும் கூட வந்து மூட்டை தூக்க வேண்டும். தெரியாவிட்டால் மறுநாள் பணம் எப்போது ஏறும் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. வரியில் சேர்க்கவில்லை. தயாரிப்பாளரும் அதையே கேட்கட்டும் என்று அப்படியே வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டேன்.