கம்பெனி டேட்டாவையும் ஸ்டாக் எடுக்கணும்

மார்ச் 31 நெருங்கினால் குடோனில் எத்தனை நூல் மூட்டை, எத்தனை ரோல் துணி என்று எண்ணி எழுதுகிறோம். டேட்டாவை யாரும் அப்படி எண்ணுவதில்லை. எண்ணத் தொடங்குகிறவர்களும் ஐ.டி. ஆளிடம் சர்வர் லிஸ்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு வேலை முடிந்தது என்கிறார்கள். அது மெஷின் கணக்கு. டேட்டா கணக்கை வெளியே போகிற ஃபைலிலிருந்து பின்னோக்கித்தான் எடுக்க வேண்டும்.

200 பேர் வேலை செய்கிற ஒரு திருப்பூர் பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டியின் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1, 15-க்குள் பிஎஃப், இஎஸ்ஐ, இடையில் பேங்குக்குச் சம்பள ஃபைல் என்று மாதாமாதம் வெளியே போகிறவை ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும். அதில் பிஎஃப்புக்கு மாதாமாதம் ஏற்றுகிற இசிஆர் ஃபைலை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள். அது #~# என்ற குறியால் பிரித்த சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்; யுஏஎன் (பிஎஃப்பில் ஒவ்வொருவருக்கும் உள்ள தனி எண்), பெயர், சம்பளம் எல்லாம் வரிசையாக இருக்கும். சம்பளத் தொகை எங்கிருந்து வந்தது? எக்செல். அதற்கு வருகை நாட்கள்? பயோமெட்ரிக் மெஷின். புதிதாகச் சேர்ந்தவருக்கு யுஏஎன் போட ஆதார்? மேஸ்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ. இப்போது எண்ணிப் பாருங்கள்: மேஸ்திரியின் போன், அவருடைய கூகுள் போட்டோஸ் பேக்கப், ஹெச்ஆர் போன், ஹெச்ஆர் கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் ஃபைல், கணக்குப் பார்ப்பவரின் மெயில். ஒரே ஆதார், ஆறு இடம். சர்வர் லிஸ்ட்டில் இதில் ஒன்றுகூட இருக்காது.

பட்டியலில் ஒரு ஃபைலுக்கு ஒரு வரி போடாதீர்கள். ஒரு பயன்பாட்டுக்கு ஒரு வரி போதும். 'சம்பளம் ஃபைனல் நியூ 2' வகையில் 36 எக்செல் கிடந்தாலும் அது 'மாதச் சம்பளம்' என்ற ஒரே வரிதான். இந்த அளவு கம்பெனிக்கு ஐம்பது வரி தாராளம். இருநூறைத் தாண்டினால் ஃபைலைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு வரியிலும் என்ன இருக்கிறது, அதில் தனிநபர் தகவல் உண்டா இல்லையா, எங்கெல்லாம் இருக்கிறது, எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது, எத்தனை நாள் வைக்க வேண்டும், யார் பொறுப்பு, கடைசியாகப் பார்த்த தேதி ஆகியவை வேண்டும். பொறுப்பு என்ற இடத்தில் 'ஐ.டி.' என்று எழுதினால் அந்த வரி செத்த வரி. 'இது இனி வேண்டாம், அழிச்சிருங்க' என்று சொல்ல அதிகாரம் உள்ள ஒருவரின் பெயர் வேண்டும்.

ஆட்களைக் கேட்டு முடித்தபின் கம்ப்யூட்டர்களில் தேட வேண்டும். ஆதாருக்கு 12 இலக்க எண் என்று மட்டும் தேடினால் குப்பை குவியும், ஏனென்றால் யுஏஎன்னும் 12 இலக்கம்தான். ஆதார் 0-விலோ 1-லோ தொடங்காது. 10 என்று தொடங்கும் யுஏஎன்கள் அதிலேயே கழிந்துவிடும். 91 சேர்த்து எழுதிய மொபைல் எண்ணும் 12 இலக்கம். அது 9-ல் தொடங்குவதால் தப்பித்து உள்ளே வந்துவிடும். ஆதாரின் கடைசி இலக்கம் முந்தைய இலக்கங்களிலிருந்து வெர்ஹோஃப் என்ற கணக்கு முறைப்படி வரும் சரிபார்ப்பு இலக்கம். அதையும் போட்டுச் சலித்தால் பொய்யாகச் சிக்கியவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது போய்விடும். ஸ்கேன் செய்த படங்கள் இந்தத் தேடலில் சிக்காது; அந்த ஃபோல்டர்களைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கிடைத்த எண் சரியான எண்தானா என்பது வேறு தலைவலி. சிஎஸ்வி ஃபைலை (கமாவால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) எக்செலில் நேரடியாகத் திறந்து சேவ் செய்தால் பேங்க் அக்கவுன்ட் எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் காணாமல் போகும். 16 இலக்க எண்ணாக இருந்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணாக வைத்துக்கொள்ளும். சம்பளம் திரும்பி வரும்போது பேங்க்காரரைத் திட்டுவதற்கு முன்னால் அந்த நெடுவரிசை 'டெக்ஸ்ட்' ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

சப்ளையர் லிஸ்ட்டில் தனிநபர் தகவல் இல்லை என்று பலரும் 'இல்லை' போட்டுவிடுகிறார்கள். ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண். சப்ளையர் தனி உரிமையாளர் என்றால் அது அவருடைய சொந்த பான். பானின் நான்காவது எழுத்து P என்றிருந்தால் 'ஆம்' போடுங்கள்.

எத்தனை நாள் வைப்பது என்பதில் 'எதற்கும் இருக்கட்டும்' என்ற பதில் செல்லாது. ஜிஎஸ்டி கணக்குகளை, வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைக்க வேண்டும். வழக்கு நடந்தால் இன்னும் நீளும். வேலைக்கு எடுக்காமல் அனுப்பிவிட்டவரின் ஆதார் போட்டோவுக்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

பட்டியல் மூன்று மாதத்தில் பழசாகிவிடும். புதிதாக நுழைகிற ஆன்லைன் சாஃப்ட்வேரை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் அதற்கான பில் கணக்கு எழுதுகிற டாலி சாஃப்ட்வேரில் ஏறியே தீரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தா, சாஃப்ட்வேர் லெட்ஜரையும் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் பட்டியலோடு வைத்து டிக் அடியுங்கள். இலவச சாஃப்ட்வேர் மட்டும் இதில் தப்பும். அதற்கு 'வெல்கம்' என்ற சொல்லை கம்பெனி மெயில்களில் தேடிப் பார்க்கலாம். பட்டியல் வேலை செய்கிறதா என்று பார்க்க, போன வருடம் நின்றுபோன ஒரு தொழிலாளியின் பெயரைச் சொல்லி, அவர் தகவல் உள்ள எல்லா இடத்தையும் மதியச் சாப்பாட்டுக்குள் காட்டச் சொல்லுங்கள். மேஸ்திரியின் போனை யாராவது சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.