யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றுக்கு ரெயிட் போட்ட அனுபவம்

அத்தானின் ஸ்ரூடியோ கஸ்தூரியார் வீதிக்குப் பக்கத்தில். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று வேலை ஓயாது. 4கே வீடியோவை 100 மெகாபிட்டில் எடுத்தால் மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. நல்லூர்த் திருவிழாவோ 25 நாள். மிச்சக் கணக்கை நீங்களே பாருங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்து, ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காதபடி வைக்கும் ரெயிட் போடுவோம் என்பதில் இரண்டு பேருக்கும் சம்மதம். அதை நடத்துவது தனிக் கார்டா (ஹார்ட்வேர்), கணினியிலேயே ஓடும் மென்பொருளா (சொஃப்ட்வேர்) என்பதில்தான் இழுபறி.

கொழும்பில் விசாரித்தபோது, பழைய சேர்வரிலிருந்து கழற்றிய ரெயிட் கார்ட் ஒன்றைக் காட்டினார்கள். ஹார்ட்வேர் கார்ட் மோசமான சாமான் இல்லை. தனி புரொசெசர், தனி மெமரி. எழுத வரும் டேட்டாவை அந்த மெமரியில் வாங்கிக்கொண்டு உடனே "எழுதியாச்சு" என்று பதில் சொல்லிவிடும். இடையில் கரண்ட் போனால் அதைக் காப்பாற்ற ஒரு பற்றரி. அந்தப் பற்றரி செத்தால் பெரும்பாலான கார்ட்கள் தாமாகவே ரைட்-த்ரூ முறைக்கு மாறிவிடும். டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் பதில் வரும், எழுதும் வேகமும் விழுந்துவிடும். எனக்குக் காட்டிய கார்டின் பற்றரி ஏற்கெனவே வீங்கியிருந்தது.

அதைவிடப் பெரிய கேள்வியை அத்தான்தான் கேட்டார். "பற்றரியை விடு. கார்டே செத்தால்?" டேட்டா எந்த டிஸ்க்கில் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதை டிஸ்க்குகளில் குறித்துவைக்கும் விதம் அந்தந்தக் கார்ட் குடும்பத்துக்கே உரியது. அதே வகைக் கார்ட் கிடைக்கும்வரை டிஸ்க் நாலும் நல்லாக இருந்தும் பிரயோசனம் குறைவு. "அது கொழும்பிலை இருந்து வருமட்டும் கலியாண வீட்டுக்காரருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார். என்னைக் கேட்டால் விவாதம் அங்கேயே முடிந்துவிட்டது.

லினக்ஸ் இயங்குதளத்தோடேயே வரும் சொஃப்ட்வேர் ரெயிட்டான எம்டி அந்தக் குறிப்புகளை டிஸ்க்குகளிலேயே, எந்த லினக்ஸ் கணினியும் வாசிக்கக்கூடிய விதமாக எழுதுகிறது. வேகம் குறையுமே என்பார்கள். அது பழைய காலத்துப் பயம். ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்ததை மீட்க எழுதிவைக்கும் பாரிட்டிக் கணக்கெல்லாம் இன்றைய புரொசெசருக்குத் தூசு. அதோடு எடிட்டிங் செய்யும் பெடியளின் கணினிகளுக்கும் சேர்வருக்கும் நடுவில் இருப்பது 1 கிகாபிட் வயர். அதில் நொடிக்கு 110 எம்பி அளவுதான் போகும். கார்ட் எவ்வளவு வேகமாக இருந்தென்ன? மதர்போர்ட் பயாஸில் சும்மா கிடைக்கும் ரெயிட்டைப் பற்றியும் அத்தான் கேட்டார். அதிலும் வேலை செய்வது நம் புரொசெசர்தான், கட்டுப்படுவது அந்த மதர்போர்டுக்கு. வேண்டாம் என்றேன். இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு சொஃப்ட்வேர் கொஞ்சம் ஆசைகாட்டியது, செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்து டேட்டா கெட்டதைக் கண்டுபிடிக்கும். ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்குப் பழுது பார்க்கப் போவது நான், எனக்குக் கைவந்தது எம்டி.

4 டிபி டிஸ்க் நாலு. பாரிட்டி வைக்கும் ரெயிட் 5 என்றால் 12 டிபி பாவிக்கலாம், சோடி சோடியாகப் பிரதி வைக்கும் ரெயிட் 10 என்றால் 8தான். அத்தானுக்கு அந்த 4 டிபி உறுத்தியது. ஆனால் ரெயிட் 5இல் ஒரு டிஸ்க் போனால் மிச்ச மூன்றையும் முழுதாக வாசித்துத்தான் புதியதை நிரப்ப வேண்டும். ரெயிட் 10இல் சோடி டிஸ்க்கிலிருந்து பிரதி எடுத்தால் போதும். நொடிக்கு 150 எம்பி வைத்தாலும் அதற்கே ஏழரை மணித்தியாலம் ஆகும். எழுதும் நடுவில் கரண்ட் போனால் பாரிட்டி பிசகும் சிக்கலும் ரெயிட் 10இல் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

டேட்டா ஏற்றுமுன் சோதித்துப் பார்த்தோம். சேர்வரை நிறுத்தி, டிஸ்க் நாலையும் கழற்றி, ஸ்ரூடியோவில் தூசு பிடித்துக் கிடந்த வேறொரு கணினியில் வேண்டுமென்றே வயர்களை மாற்றி மாற்றிச் செருகினேன். லினக்ஸ் யூ.எஸ்.பி.யில் பூட் செய்து எம்டியை இயக்கும் எம்டிஆட்ம் கட்டளையைக் கொடுத்ததும் நாலு டிஸ்க்குக்கும், நல்லாக இருக்கிறது என்பதைக் குறிக்கும் நாலு 'யூ' வரிசையாக வந்து நின்றன. அத்தான் ஒன்றும் பேசாமல் ஒரு வீடியோவைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு டிஸ்க்கின் தொடர் இலக்கத்தையும் வெள்ளை டேப்பில் எழுதி முன்பக்கம் ஒட்டினோம். செத்ததை விட்டு நல்லதை உருவினால் ரெயிட் என்ன செய்யும், பாவம்.

கார்டுக்கு மிச்சமான காசு நல்ல யூ.பி.எஸ். ஒன்றுக்குப் போனது. யூ.பி.எஸ்.ஸிலிருந்து சேர்வருக்குப் போகும் யூ.எஸ்.பி. வயரையும் மறக்காமல் செருகுங்கள். பற்றரி இறங்கும்போது சேர்வர் தானாக ஒழுங்காக நிற்பதற்கு அது வேண்டும். ஊரில் பல கடைகளில் அந்த வயர் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. பெடியள் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெயிட்டும் சேர்ந்து அழிக்கும் என்பதால், முடிந்த வேலைகளின் பிரதி கோண்டாவிலில் அத்தான் வீட்டில் ஒரு தனி டிஸ்க்கில் இருக்கிறது.

சேர்வரில் ஓடும் லினக்ஸ் வகையான டெபியன் வழமையாக மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில் டிஸ்க்குகளை முழுதாகச் சரிபார்க்கத் தொடங்கும். சனிக்கிழமைக் கலியாண வீடியோக்களை ஏற்றும் நேரமும் அதுதான். அதைச் செவ்வாய் இரவுக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.